ஹைலக்ஸுக்கு ஏடி டயர்: பிஎஃப்ஜியா, யோகோஹாமாவா, அப்போலோவா?

முதல்லயே சொல்லிடுறேன், நம்ம டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புக்கு நான் போட்டது அப்போலோ ஆப்டெரா ஏடி2, தாருக்கும் கரடுமுரடு ரோட்டுக்கும் சேத்து வர்ற ஏடி (ஆல் டெரைன்) டயர். நாலு இல்ல, அஞ்சு டயர், ஏன் அஞ்சுன்னு கீழ வரும். போட்டதுல இருந்து பாக்குறவங்க எல்லாம் கேக்குறது ஒன்னே ஒன்னுதான், "இவ்ளோ காசு குடுத்து வண்டி எடுத்துட்டு பிஎஃப்ஜி போடலயாண்ணே?" பிஎஃப்ஜின்னா பிஎஃப்குட்ரிச், வெளிநாட்டு டயர். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

வண்டி எங்க ஓடுதுங்கறத வச்சுத்தான் எல்லாமே. நமக்கு வீடு போடில, ஏலத்தோட்டம் பூப்பாறை தாண்டி. போடிமெட்டு ஏறுற வரைக்கும் நல்ல தார் ரோடு, கொண்டை ஊசி வளைவு, மழைக்காலத்துல முழுக்க ஈரம், காலைல பனிமூட்டம் வேற. அதுக்கப்புறம் மெயின் ரோட்ட விட்டு இறங்குனா ஜீப் ரோடு, செம்மண்ணும் உருண்டைக் கல்லும், அங்கங்க வெடி வச்சு உடைச்ச பாறை முனை அப்படியே கத்தி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். போகும்போது உரமூட்டை, வரும்போது காய் மூட்டை. தூரக் கணக்குல பாத்தா பெரும்பகுதி தார் ரோடுதான், ஆனா டயருக்கு சேதாரம் வர்றது எல்லாம் அந்தக் கொஞ்ச தூரத்துலதான்.

நம்ம வண்டி ஹைலக்ஸ் ஸ்டாண்டர்டு, சைஸ் 265/65 ஆர்17 (அகலம் 265 மில்லிமீட்டர், பக்க உயரம் அதுல 65 சதவீதம், ரிம் 17 இஞ்ச்). பழைய ஃபார்ச்சூனர், பஜேரோ ஸ்போர்ட் இதுக்கெல்லாம் இதே சைஸ்தான், அதனால கடைக்காரன்ட்ட சொன்னவுடனே புரியும். ஹை வேரியன்ட் வச்சிருக்கவங்களுக்கு 265/60 ஆர்18. மொத்த உயரம் ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னுதான், ஆனா 17ல சைடுவால் (டயரோட பக்கச் சுவர்) 172 மில்லிமீட்டர், 18ல 159. கல்லு ரோட்டுல அந்த 13 மில்லிமீட்டர் ரப்பர் ரிம்மைக் காப்பாத்தும். வாங்கும்போது 18 இஞ்ச் அலாய் பாத்து ஆசைப்படுறவங்க இத ஒரு தடவை யோசிங்க.

எச்டி தார் ரோட்டுக்கு, எம்டி சேறு சகதிக்கு, ஏடி ரெண்டுக்கும் நடுவுல, அதுக்கு மேல இழுக்கல. எம்டி போட்டு தினமும் மலைத் தார் ரோட்டுல இறங்குறது நமக்கு சரிப்படாது, அவ்ளோதான்.

இப்ப பிஎஃப்குட்ரிச்சோட ஏடி டயர் கேஓ2. நல்ல டயரான்னு கேட்டா, ரொம்ப நல்ல டயர், அதுல சந்தேகமே இல்ல. 2014ல வந்தது, உலகம் பூரா ஓடி நிரூபிச்சாச்சு, இப்ப அடுத்தது கேஓ3யும் வந்திருச்சு. சைடுவால் தோள் பகுதில கட்டி கட்டியா ரப்பர் வச்சிருப்பான், பாறை முனை உரசுனாலும் நூல் வரைக்கும் லேசுல இறங்காது. நம்ம சைஸ்ல அது எல்டி (லைட் டிரக்) கட்டுமானம், லோடு இன்டெக்ஸ் 120, அதாவது ஒரு டயர் 1400 கிலோ தாங்கும். 10 பிளை ரேட்டிங்னு போட்டிருக்கும், அதுக்காக உள்ள பத்து அடுக்கு இருக்குன்னு நினைச்சிடாதீங்க, பழைய காலத்து பருத்தி நூல் டயர் கணக்குல அவ்ளோ பலம்னு அர்த்தம்.

ஆனா நமக்கு அவ்ளோ பலம் வேணுமா? சாதாரண ஏடி டயர்ல இதே சைஸ் லோடு இன்டெக்ஸ் 112, ஒரு டயருக்கு 1120 கிலோ, நாலுக்கும் சேத்தா நாலரை டன் கிட்ட வருது. வண்டி வெறும் எடை ரெண்டு டன் சொச்சம், மூட்டை ஏத்துனாலும் தாராளம். எல்டி டயர் எடையும் கூட, அந்த எடை சுத்துற எடை, பிக்கப்புலயும் மைலேஜ்லயும் காட்டும். இன்னொன்னு, அதுக்கு காத்து கூட வைக்கணும், வழக்கமான அதே 30 பிஎஸ்ஐக்கு விட்டா அந்த டயர் கணக்குக்கு காத்து கம்மி. கூட வச்சா காலி வண்டில பின்னாடி லீஃப் ஸ்பிரிங் வேற சேர்ந்துக்கிட்டு குலுக்கு குலுக்குன்னு குலுக்கும், பின்னாடி சீட்ல எங்கம்மா உக்காந்தா அன்னைக்கு எனக்கு நல்ல பேரு கிடையாது. ஈரத் தார்லயும் இந்த மாதிரி கல்லு தாங்குற கெட்டி ரப்பர் பொதுவா கொஞ்சம் பின்தங்கும்னு ஓட்டுறவங்க சொல்றாங்க. ஃப்ரெண்டு வண்டில கொஞ்சம் ஓட்டிப் பாத்ததுதான் என் அனுபவம், அதுல எனக்கும் அப்படித்தான் பட்டது, அதுக்கு மேல அடிச்சுப் பேச மாட்டேன். சைடுவால்ல வெண்பனி ரோட்டுக்கு ஏத்ததுன்னு பனிமலை முத்திரை வேற குத்தியிருக்கு, போடிமெட்டுல எந்த வெண்பனி விழப்போகுதுன்னு தெரியல.

யோகோஹாமா ஜியோலேண்டர் ஏடி ஜி015 நடுவுல நிக்குற ஆளு. மச்சான் ஃபார்ச்சூனர்ல அதுதான் ஓடுது, சத்தம் கம்மி, மழைல பிடிப்பு நல்லா இருக்கு, பாக்கவும் பட்டன் (தரையத் தொடுற ரப்பர் கட்டி) டிசைன் கம்பீரமா இருக்கு. நேரா சொல்லணும்னா டயரா மட்டும் பாத்தா, எங்க ரோட்டுக்கு மூணுல இதுதான் பொருத்தம். அப்ப ஏன் போடலன்னு கேப்பீங்க.

ஒத்த டயர் பிரச்சினை. இந்தப் பதிவு முழுக்க இதுக்குத்தான்.

தோட்டத்து ரோட்டுல டயர் போறது ஆணி குத்தி போறது இல்ல. ஆணின்னா மஷ்ரூம் பேட்ச் போட்டு ஓட்டிரலாம். போறது சைடுல. பாறை முனை சைடுவால்ல இறங்கி நூல அறுத்துருச்சுன்னா அந்த டயர் முடிஞ்சது. சூடு போட்டு ஒட்டித் தரேன்னு சொல்ற கடை இருக்கு, ஒட்டியும் தருவாங்க, லோடு ஏத்திக்கிட்டு கொண்டை ஊசில இறங்கும்போது அந்த ஒட்ட நம்பி யார் ஓட்டுறது? அப்ப புது டயர் ஒன்னு வேணும். பழைய டயர் செட்டுல எனக்கு இது நடந்தது, அதே மாடல் ஒத்த டயர் தேடி தேனி, மதுரைன்னு கடை கடையா போன் போட்டேன், "நாலா எடுத்துக்கங்கண்ணே, ஒன்னுன்னா ஆர்டர் போட்டுப் பாக்கணும், எப்ப வரும்னு சொல்ல முடியாது"ன்னே பதில். அதுவரைக்கும் ஸ்டெப்னி இல்லாம மலை ஏறணும்.

சரி வேற கம்பெனி டயர் ஒன்னு போட்டுக்க வேண்டியதுதானேன்னா, காருக்கு ஓகே, 4x4க்கு யோசிக்கணும். ஹைலக்ஸ் பார்ட்-டைம் 4x4, அதாவது வேணும்போது மட்டும் நாலு சக்கரமும் இழுக்கும்; வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃப் (டிஃபரன்ஷியல்) முன் பின் ஆக்ஸிலுக்கு நடுவுல கிடையாது. 4எச் (நாலு சக்கர ஓட்டம்) போட்டா முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒன்னா பூட்டிக்கும், ரெண்டும் ஒரே வேகத்துலதான் சுத்தணும். கணக்கு போட்டுப் பாருங்க. பாதி தேஞ்ச டயருக்கும் புது டயருக்கும் பட்டன் உயரத்துல 5 மில்லிமீட்டர் வித்தியாசம்னு வைங்க. டயர் மொத்த விட்டம் 776 மில்லிமீட்டர், ஒரு சுத்துக்கு 2.4 மீட்டர் சொச்சம் போகும், அந்த 5 மில்லிமீட்டரால சுத்துக்கு 31 மில்லிமீட்டர் வித்தியாசம், ஒரு கிலோமீட்டருக்கு 410 சுத்து, ஆக கிலோமீட்டருக்கு 12, 13 மீட்டர் முன்ன பின்ன. முன்னாடி ஜோடி புதுசு பின்னாடி ஜோடி பழசுன்னா 4எச்ல இந்த 13 மீட்டரும் எங்கயாவது வழுக்கியாகணும். சேறா இருந்தா டயர் வழுக்கி சரியாயிரும். பிடிப்பான தரைல முன் பின் ஆக்ஸிலுக்கு பவரப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கும், லீவர்காரனா இருந்தா 2எச்க்கு (ரெண்டு சக்கர ஓட்டம்) திரும்பவே அடம் பிடிக்கும். ஒரே ஒரு டயர் மட்டும் புதுசுன்னா இதுல பாதி, மிச்சத்த டிஃப் சமாளிக்கும், ஆனா பின் சக்கரம் ரெண்டையும் ஒன்னா பூட்டுற டிஃப் லாக்க அமுக்கிட்டா அந்தச் சமாளிப்பும் போச்சு. வேற கம்பெனி வேற மாடல்னா ஒரே சைஸ் எழுதியிருந்தாலும் நெஜ அளவு கொஞ்சம் மாறும், பிடிப்பும் மாறும், பிரேக் அடிச்சா ஒரு பக்கம் இழுக்குற கதையும் சேர்ந்துக்கும்.

அதனாலதான் எனக்கு முதல் கேள்வி "எது பெஸ்ட்" இல்ல, "இன்னைக்கு ஒன்னு போனா இந்த வாரத்துக்குள்ள அதே டயர் ஒன்னு கைக்கு வருமா".

இந்தக் கேள்வில பிஎஃப்ஜி முதல்லயே அடி வாங்குது. 2020 ஜூன்ல மத்திய அரசு புது டயர் இறக்குமதிய கட்டுப்பாட்டு லிஸ்ட்ல போட்டதுல இருந்து லைசென்ஸ் இல்லாம வெளிநாட்டு டயர் இறக்க முடியாது. சரக்கு வரும்போது வரும், வராதப்ப வராது. பிஎஃப்ஜி மிஷலின் கையில இருக்குற பிராண்டு, மிஷலின் ஃபேக்டரி நம்ம திருவள்ளூர் தேர்வாய்கண்டிகைலயே இருக்கு, ஆனா அங்க ஆரம்பத்துல இருந்து ஓடுனது லாரி பஸ் டயர். நம்ம ஊர்லயே கேஓ வகை ஊத்துனாங்கன்னா அன்னைக்கு இந்தப் பதிவ நானே அழிச்சிடுறேன். யோகோஹாமாவுக்கு அரியானால ஃபேக்டரி இருக்கு, டீலரும் இருக்காங்க, ஆனா நான் கேட்ட கடைகள்ல இந்த சைஸ் ஏடி ஒத்தையா ஸ்டாக் வச்சிருந்தவங்க குறைவு. சென்னை, கோவைல இருக்கவங்களுக்கு இது பிரச்சினையாவே இருக்காது. நீங்க அங்க இருந்தா யோகோஹாமாவே போடுங்க, நான் தடுக்கல.

அப்போலோவுக்கு ஒரகடத்துல ஃபேக்டரி, கேரளால பேராம்ப்ராதான் அவங்களுக்கு தாய்வீடே. போடி மாதிரி ஊர்ல டீலர் போர்டு இல்லாத தெரு கம்மி, கடைல இல்லேன்னா குடோன்ல இருந்து வந்துரும். டயர் எப்படின்னா, ஏடி கூட்டத்துல இது சாதுவான ஏடி. தார்ல சத்தம் இல்ல, 80ல போறப்ப பழைய எச்டிக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் காதுக்குத் தெரியல. ஈர வளைவுல நம்பிக்கையா திரும்புது, உரமூட்டையோட இறங்கும்போதும் அப்படித்தான். கல்லு ரோட்டுல காத்த 22 பிஎஸ்ஐக்கு இறக்கிட்டா நல்லாவே ஏறுது, பெரிய கல்லுக்கு மேல டயர் அப்படியே வளைஞ்சு உக்காருது, சைடு கெட்டியான எல்டில இந்த வளைவு அவ்ளோ லேசுல வராது. திரும்ப தார் ஏறுறதுக்கு முன்னாடி காத்து அடிச்சுக்கணும், சிகரெட் லைட்டர்ல மாட்டுற சின்ன கம்ப்ரசரே போதும், நாலு டயர் முடியறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிடலாம்.

சேறுன்னு வந்தா கதை வேற. பட்டன் நெருக்கமா இருக்குற எந்த ஏடியும் செம்மண் குழம்புல ரொம்பி வழவழன்னு ஆயிடும், சக்கரம் வேகமா சுத்துனாத்தான் மண்ண உதறும். இந்த இடத்துல கேஓ2வோட அகலமான சந்து ஜெயிக்கும், அதுல ரெண்டு கருத்து இல்ல. நமக்கு 4எல்லும் (மெதுவா, பலமா இழுக்குற கியர்) டிஃப் லாக்கும் இருக்கு, ரொம்ப மோசமான நாள்ல வண்டிய மேலயே போட்டுட்டு தோட்டத்து ஜீப்ல இறங்கிடுவோம். தேய்மானம் எவ்ளோன்னு இப்பவே கேக்காதீங்க, இன்னும் பாதி கூட தேயல. சைடுவால் பலமும் அப்படித்தான், இதுவரை தப்பிச்சிருக்கேன், அதனால தாங்கும்னு சர்டிபிகேட் குடுக்க முடியாது. கிழியும்னு நினைச்சுத்தான் வாங்கியிருக்கேன், கிழிஞ்சா உடனே மாத்தலாம்ங்கறதுதான் கணக்கு.

அஞ்சு டயருக்கும் இதான் காரணம். ஸ்டெப்னியும் அதே மாடல், அதையும் சேத்து அஞ்ச ரொட்டேஷன்ல விடுறேன், எட்டாயிரம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை. அப்ப அஞ்சும் ஒன்னா தேயும், ஒன்னு போனா ஸ்டெப்னிய கீழ இறக்கி மாட்டுனா உயரம் பொருந்திரும், புதுசா வாங்குறது ஸ்டெப்னி இடத்துக்குப் போயிரும். ஸ்டெப்னி ரிம் மத்த நாலோட ஒரே அளவுதானான்னு மட்டும் பாத்துக்கங்க, இல்லேன்னா இந்த வித்தை பலிக்காது.

காசு விஷயம் சுருக்கமா. மூணுல பிஎஃப்ஜி ரொம்ப மேல, யோகோஹாமா நடுவுல, அப்போலோ கீழ. 2025 செப்டம்பர் 22ல இருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆயிருச்சு, பழைய ரேட் சொல்ற கடைல இத ஞாபகப்படுத்துங்க.

கடைல டயர இறக்குனவுடனே சைடுவால்ல நாலு இலக்க நம்பர் பாருங்க, 2324ன்னு இருந்தா 2024ல 23வது வாரம் செஞ்சது. அஞ்சும் ஒரே காலத்துல செஞ்சதா கேட்டு வாங்குங்க, ஏடி டயர் மெதுவா போற சரக்கு, ஒன்னு ரெண்டு வருஷம் குடோன்ல கிடந்தத தலைல கட்டப் பாப்பாங்க. அலைன்மென்ட், பேலன்சிங் முடிச்சு மாட்டும்போது வீல் நட்ட ஏர் கன்ல முழுசா இறுக்க விடாம கடைசி முறுக்கு கையால போடச் சொல்லுங்க, நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு இன்னொரு தடவை பாத்துக்கங்க.

இசுஸு வி-கிராஸ் பிக்கப்புல 255/60 ஆர்18 ஓட்டுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்கார்பியோ-என் டாப் மாடலும் அதே சைஸ்ல வந்ததுல இருந்து அந்த சைஸ் கடைல சகஜமாயிருச்சு, ஒத்த டயர் தேடுறது உங்களுக்கு முன்ன மாதிரி கஷ்டமா இருக்காது. ஏடில எந்த மாடல் சுலபமா கிடைக்குதுன்னு உங்க ஊர் கடைல போன் போட்டு "ஒன்னே ஒன்னு இருக்கா, எப்ப கிடைக்கும்"னு கேட்டுட்டு அப்புறம் அஞ்சு வாங்குங்க.