மாற்று டியூபா, பஞ்சர் ஒட்டா: மதுரைச் சாலைக்கு எது உதவும்?

மதுரையைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டுபவர் பையில் என்ன இருக்க வேண்டும் என்பதை இரண்டே விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, கண்மாய்க்கரைகளில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம். இன்னொன்று, உங்கள் பின்சக்கரம் எவ்வளவு லேசில் கழலும் என்பது.

குயிக் ரிலீஸ் (ஸ்பேனர் இல்லாமல் சக்கரத்தைக் கழற்றும் பிடி) உள்ள கியர் சைக்கிளுக்கு மாற்று டியூப்தான் முதலில். சக்கரம் ஒரு நிமிடத்தில் கையில் வந்துவிடும். ஆனால் செயின் கவர், ஸ்டாண்டு, கேரியர் எல்லாம் பின் அச்சோடு பிணைந்திருக்கும் பழைய 28 இன்ச் வண்டிக்கு அந்த டியூப் வீண் சுமை. 15 மி.மீ. ஸ்பேனர் கையில் இருந்தாலும், கழற்றி மாட்டி, செயின் தொய்வைச் சரிசெய்வதற்குள் வெயில் ஆளைச் சாய்த்துவிடும். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்து அங்கேயே ஒட்டுங்கள். பஞ்சர் கடைகளில் செய்வதும் அதுதான்.

டியூபை நம்பிப் போகிறவர்கள் ஏமாறும் இடம் முள். கருவேல முள் ஒடிந்து, நுனி மட்டும் டயருக்குள் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. புது டியூபைப் போட்டுக் காற்றடித்தால் நூறடி தாண்டுவதற்குள் அதுவும் போய்விடும். டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். டியூபிலும் எதிர்ப்புறம் இரண்டாவது ஓட்டை உண்டா என்று பாருங்கள். நாகமலை, கீழக்குயில்குடிப் பக்கம் மண்பாதையில் போகிறவர்கள் டியூபோடு ஒட்டும் சேர்த்தே வைத்திருப்பது நல்லது.

ஒட்டிலும் இரண்டு வகை. உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் வகை சின்னது, சொல்யூஷன் என்கிற ரப்பர் பசை வேண்டாம். ஆனால் சித்திரை வெயிலில் அதன் பசை இளகி, ஓரத்தில் காற்று கசியும். வீடு சேர உதவும், அவ்வளவுதான். நிலைத்து நிற்பது சொல்யூஷன் போட்டு ஒட்டுவதே. ஒட்டைவிடச் சற்று அகலமாக உப்புத்தாளால் தேயுங்கள். டியூபில் மேடாக ஓடும் அச்சுக்கோடு குறுக்கே வந்தால் அதைத் தடவினால் தட்டுப்படாத அளவுக்குத் தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கோட்டின் ஓரமாகவே காற்று வெளியேறும். சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, பளபளப்பு போகும்வரை காத்திருங்கள். ஈரத்தில் ஒட்டுவதுதான் பெரும்பாலான ஒட்டு பிரிவதற்குக் காரணம். ஒருமுறை திறந்த சொல்யூஷன் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துபோகும். அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள்.

காற்றுக்குக் கை பம்பே மேல். 16 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு குப்பி நொடியில் நிரப்பும். ஆனால் அதன் வாய் வால்வில் சரியாகப் பொருந்தாவிட்டால் மொத்தமும் போச்சு. அந்த வாயு டியூப் ரப்பர் வழியே சீக்கிரம் கசிவதால் மறுநாள் திரும்பக் காற்றடிக்கவும் வேண்டும். பம்பில் குட்டி ஹோஸ் உள்ளதாக வாங்குங்கள். நேராக மாட்டும் பம்ப் ஆடி ஆடி வால்வின் அடியைக் கிழித்துவிடும்.

உங்கள் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் பைக் பம்ப் அதில் பொருந்துவதற்கான ஒரு பித்தளை அடாப்டரையும் பையில் போட்டுவையுங்கள். அழகர்கோவில் சாலையில் பைக்குக்குக் காற்றடிக்கும் எந்தக் கடையிலும் அப்போது நிறுத்தலாம்.