அட்டைச் சர்ச் செட்: ஏற்காட்டு மழையில் ஒட்டிப் பார்த்தது

ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டை விட்டு நகர முடியாது, அதனால் பையனுக்கு என்று சொல்லி எனக்காகவே ஆன்லைனில் வாங்கினேன். இங்கிலாந்துக் கிராமத்து இடைக்காலச் சர்ச், அட்டையை வெட்டி ஒட்ட வேண்டும், 1,150 ரூபாய். கூரியர்காரர் மலையேற மாட்டேன் என்றுவிட்டார். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் போய் எடுத்தால் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. சரி, போகட்டும்.

எனக்குப் பிடித்தது, சர்ச் முழுவதையும் ஒரே காலத்தில் கட்டியதாகக் காட்டாததுதான். நம்மூர்க் கோயிலில் சோழர் கருவறையும் நாயக்கர் மண்டபமும் ஒட்டி நிற்குமே, அங்கேயும் அப்படித்தான். முதலில் நடுக்கூடம், தடித்த சுவர், அரைவட்ட வளைவு, பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066-க்குப் பின் வந்த நார்மன் பாணி. பிற்பாடு இடம் போதாதபோது அந்தச் சுவரையே உடைத்துத் தூணும் வளைவும் நிறுத்திப் பக்கக்கூடம் சேர்த்தார்கள். செட்டிலும் ஒட்டி முடித்த சுவரை நாமே பிளேடால் குடைய வேண்டும், எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்புறம் பீடப்பகுதிக்கு 13-ஆம் நூற்றாண்டின் ஒல்லியான கூர்முனை சன்னல்கள், கடைசியில் மேற்கே மணிக்கோபுரம், அதில் மேலிருந்து கீழாக நேர் நேராகக் கல் சட்டம் போட்ட 15-ஆம் நூற்றாண்டுப் பெரிய சன்னல். வெளியே முட்டுச்சுவர் எதற்கு என்று ஒன்றை ஒட்டாமல் விட்டுப் பார்த்தேன். கூரை வைத்ததும் அந்தப் பக்கச் சுவர் வெளியே சாய்ந்துவிட்டது!

"பீடம் எந்தத் திசைப்பா?" என்று அப்பா கேட்டார். கிழக்கு. கிழக்கு பார்த்த சிவன் கோயிலில் நாம் மேற்கே பார்த்துக் கும்பிடுகிறோம், அங்கே ஜனங்கள் கிழக்கே பார்த்து நிற்கிறார்கள். அப்பா அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

குறை இரண்டு. பெட்டியில் இடைக்காலம் என்று போட்டுவிட்டு உள்சுவரை வெள்ளையாக விட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் உள்ளே சுவரெல்லாம் ஓவியம். சுண்ணாம்பு அடித்து மறைத்தது 16-ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தத்தின்போது. பையன் கலர் பென்சிலில் வரைந்து சரிசெய்தான். இன்னொன்று, குறிப்புத்தாள் கூரையை ஒட்டச் சொல்கிறது. கேட்காதீர்கள், ஒட்டினால் உள்ளே குடைந்த வளைவு எதுவும் தெரியாது. நான் சும்மா மேலே வைத்திருக்கிறேன்.

மலையில் இருப்பவர்கள் பசையை மெல்லிசாகத் தடவுங்கள், பனிமூட்டத்தில் என் கோபுரம் ஊறிப்போய் லேசாகச் சாய்ந்தே நிற்கிறது. ஐந்துக்கு மூன்றரை.