ஓ.ஆர்.எஸ். பொட்டலம்: தூளுக்கு முழு மதிப்பெண், அளவுக்குக் கொஞ்சம் குறைவு

ஓ.ஆர்.எஸ். என்பது பேதியில் போன நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சர்க்கரைத் தூள். கடலூர் மஞ்சக்குப்பமோ புதுச்சேரி நேரு வீதியோ, எந்த மெடிக்கலில் போய் "ஓ.ஆர்.எஸ். குடுங்க" என்றாலும் கைக்கு வருவது மூன்றில் ஒன்று. ஒரு லிட்டர் தண்ணீருக்கான பெரிய பொட்டலம்; 200 மில்லிக்கான சின்னப் பொட்டலம்; ஸ்ட்ரா செருகிக் குடிக்கும் அட்டைப்பெட்டிப் பானம். முதலாவது நல்ல சரக்கு. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இரண்டாவது அதைவிட நல்லது. மூன்றாவதைப் பேதிக்கு வாங்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுப்பதும் பெரும்பாலும் முதல் வகைதான். உறை பளபளக்காது, ஆரஞ்சு வாசனை இருக்காது. தூளில் ஒரு குறையும் கிடையாது.

உறையைத் திருப்பி நான்கு எண்களைப் பாருங்கள். சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5. கூட்டினால் 20.5 கிராம். இது ஒரு லிட்டருக்கு. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2002இல் மாற்றி அமைத்த சூத்திரம் இதுதான். வாசனையும் நிறமும் சேர்த்தவை 21, 22 கிராம் எடை வரும், தவறில்லை. சின்னப் பொட்டலத்தில் இவை எல்லாம் ஐந்தில் ஒரு பங்கு, மொத்தம் 4 கிராமுக்குச் சற்று மேல். எண்கள் பொருந்தினால் எந்தக் கம்பெனியானாலும் ஒன்றுதான். இருபது ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைப்பதற்கும் அதைவிடக் கூடுதல் விலை சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் வாசனையில்தான் இருக்கிறது. குழந்தை குடிக்க அடம்பிடித்தால் அந்த வாசனைக்கும் காசு கொடுக்கலாம்.

இந்த விகிதத்தில் கை வைக்கக்கூடாததற்குக் காரணம் குடலில் இருக்கிறது. பேதியின்போது சோடியத்தைத் தனியாக உறிஞ்சும் வழி கெட்டுப்போனாலும், குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் உள்ளே எடுத்துக்கொள்ளும் புரதம் குடல் சுவரில் வேலை செய்துகொண்டே இருக்கும். அவை போகும் பக்கம் தண்ணீரும் போகும். சர்க்கரை அளவுக்கு மீறினால் கதை தலைகீழ்: உறிஞ்சப்படாத சர்க்கரை உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், பேதி அதிகமாகும். பழைய சூத்திரத்தின் செறிவு லிட்டருக்கு 311 மில்லிஆஸ்மோல், இப்போதையது 245. குறைத்த பிறகு வாந்தியும் மலத்தின் அளவும் குறைந்தன.

அட்டைப்பெட்டிப் பானத்தை ஒதுக்கச் சொல்வதும் இதனால்தான். 100 மில்லிக்கு 1.35 கிராம் குளுக்கோஸ் இருக்க வேண்டிய இடத்தில் 8, 10 கிராம் சர்க்கரை என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் அது பழரசம், மருந்து இல்லை. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியதன் தொடர்ச்சியாக, இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற சொல்லையே போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பெயர் மாறிய பெட்டி அதே அலமாரியில் அதே நிறத்தில் இருக்கலாம். பெயரை விட்டுவிட்டுச் சர்க்கரைக் கணக்கைப் பாருங்கள். இளநீரும் மாற்று ஆகாது. அதில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியும் மோரும் பொட்டலம் வந்து சேரும் வரை நன்றாகவே தாங்கும்.

இனி குறைக்கு வருவோம். தூள் துல்லியமாக நிறுத்துப் போடப்பட்டு வருகிறது. அதைக் கொட்டும் பாத்திரம் அப்படி வருவதில்லை. குவார்ட்டர் என்றால் 180 மில்லி என்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய ஊர் இது. ஆனால் வீட்டுச் சொம்பு எத்தனை மில்லி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சில்வர் சொம்பில் முக்கால் லிட்டரும் உண்டு, ஒன்றே கால் லிட்டரும் உண்டு. பாத்திரம் பெரிதானால் கரைசல் நீர்த்துப்போய்ப் பலன் குறையும். சிறிதானால் உப்பு கூடும், சின்னக் குழந்தைக்கு ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம். எல்லாவற்றிலும் மோசமானது, பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டுவது. ஐந்து மடங்கு செறிவு. ஒரே கடையில் இரண்டு அளவும் விற்கும்போது இந்தக் குழப்பம் நடக்கத்தான் செய்யும். கடைக்காரர் உறையின் மேல் "1 லிட்டர்" என்று பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுப்பதில் செலவு ஒன்றும் இல்லை.

தூளைப் பாதி பாதியாகப் பிரித்துப் போடுவதும் சரியில்லை. நான்கு பொருள்களும் உறைக்குள் சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணால் பாதி பார்க்கவும் முடியாது. பிரித்தால் முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. லேசான பேதியில் ஒரு வயதுக் குழந்தை ஒரு நாளில் குடிப்பது 400 மில்லி இருந்தாலே பெரிது, மிச்சம் சாக்கடைக்குத்தான். அப்படிக் கொட்ட மனம் வராமல் மறுநாளும் அதையே கொடுக்கிறார்கள். அதில் கிருமி வளர்ந்திருக்கும்.

இது நம் ஊரில் மட்டும் தெரிந்த குறை இல்லை. வெளிநாட்டு உதவிப் பணத்தில் இந்தத் தூள் போன நாடுகளிலெல்லாம் முதலில் இடித்தது பாத்திரம்தான். எகிப்தில் 1980களில் அமெரிக்க உதவியுடன் நடந்த தேசிய பேதித் தடுப்புத் திட்டம், லிட்டர் பொட்டலத்தை விட்டுவிட்டு 200 மில்லிக்கான 5.5 கிராம் பொட்டலத்துக்கு மாறி, கூடவே அளவுக் கோப்பையும் கொடுத்தது. பங்களாதேஷில் அமெரிக்க உதவியில் வளர்ந்த சோஷியல் மார்க்கெட்டிங் கம்பெனி விற்கும் பொட்டலம் 10.25 கிராம், அரை லிட்டருக்கானது. சாம்பியாவில் கோலாலைஃப் என்ற பிரிட்டிஷ் அறக்கட்டளை, பொட்டலம் வரும் டப்பாவையே 200 மில்லி அளவுக் கோப்பையாக வடிவமைத்தது. அந்த டப்பாவைக் குளிர்பானக் கிரேட்டில் பாட்டில்களுக்கு இடையே உள்ள இடுக்கில் செருகி ஊர் ஊராக அனுப்புவது என்பது முதல் யோசனை. படம் எடுக்க அழகான யோசனை. நடைமுறையில் கிரேட் தேவைப்படவில்லை. பெட்டிக்கடைக்காரருக்கு ஒரு டப்பாவில் கொஞ்சம் லாபம் நின்றால் அவரே சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

பொட்டலமே இல்லாமல் அளவைச் சொல்லிக்கொடுத்த பெரிய முயற்சி பங்களாதேஷின் பிராக் அமைப்புடையது. வெளிநாட்டு நிதியுடன் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் போய், ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் அரை சேர் (கிட்டத்தட்ட அரை லிட்டர்) தண்ணீரும் என்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மாருக்குக் கரைத்துக் காட்டினார்கள். எத்தனை வீட்டுக்குப் போனார் என்று பார்த்துச் சம்பளம் போடவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதித்த பிறகுதான் சொல்லிக்கொடுத்தவருக்குப் பணம். உதவித் திட்டம் தீட்டுபவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஏற்பாடு இது.

நம் வீட்டில் அளவைச் சரிசெய்ய ஒரு சுலப வழி உண்டு. ஆவின் அல்லது பாண்லே அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டை அடுத்த தடவை பாத்திரத்தில் ஊற்றும்போது, பால் எந்த மட்டம் வரை நிற்கிறது என்று வெளியே ஒரு கோடு போட்டு வையுங்கள். அதுதான் லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தால் இன்னும் சுலபம். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறின பிறகு தூளைப் போடுங்கள். போட்ட பிறகு கொதிக்க வைக்கக்கூடாது. கொதிக்க வைக்க வழியில்லாத வெள்ள நேரத்தில், இருப்பதில் சுத்தமான தண்ணீரில் உடனே கரைத்துக் கொடுப்பதே மேல். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கம் ஊருக்குள் வந்த மாதிரியான நேரங்களில், கேன் தண்ணீர் இருந்தால் அதைக் குடிக்கவும் இதைக் கரைக்கவும் மட்டும் ஒதுக்குங்கள்.

கொடுக்கும் அளவு: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பிறகும் 50 முதல் 100 மில்லி. இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. கண் குழிந்து, நாக்கு வறண்டு, குழந்தை தாகத்தில் டம்ளரைப் பிடுங்கிக் குடிக்கிறது என்றால் வறட்சி தொடங்கிவிட்டது. அதற்குச் சுகாதார நிலையத்தில் வைத்து, கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் கொடுப்பார்கள். 10 கிலோ குழந்தைக்கு 750 மில்லி. லிட்டர் பொட்டலம் தன் முழு மதிப்பைக் காட்டும் இடம் அதுதான்.

"குடுத்தேன், எல்லாத்தையும் வாந்தி எடுத்துட்டான்" என்பது அடிக்கடி வரும் புகார். பெரும்பாலும் டம்ளரில் மடமடவென்று கொடுத்ததன் பலன். பத்து நிமிடம் விட்டு, சங்கிலோ பாலாடையிலோ ஸ்பூனிலோ இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு வாய் கொடுத்தால் நிற்கும். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தக்கூடாது. பட்டினி போட்டால் பேதி அடங்கும் என்ற பழைய எண்ணம் குழந்தையை இன்னும் நோஞ்சானாக்கி அடுத்த பேதிக்கு இட்டுச் செல்கிறது.

பொட்டலத்தைப் பற்றிய இன்னொரு மனக்குறை, "குடுத்தும் பேதி நிக்கல." நிற்காது. அது பேதியை நிறுத்தும் மருந்து இல்லை, போன நீரையும் உப்பையும் திருப்பித் தருவது. இதை மெடிக்கலில் யாரும் சொல்லாததால் அடுத்த நாள் "பேதி நிக்கிற மாத்திரை" கேட்டு வருகிறார்கள். குடலின் அசைவைக் கட்டிப்போடும் அந்த மாத்திரை சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்து. சாதாரண நீர்ப்பேதிக்கு ஆன்டிபயாடிக்கும் தேவையில்லை. கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில் நடத்தி 2024இல் வெளியான ஆய்வு ஒன்று, வைத்தியம் பார்ப்பவர்கள் ஓ.ஆர்.எஸ். எழுதாததற்கு முக்கியக் காரணம் சரக்கு இல்லாதது அல்ல என்று காட்டியது. கேட்டு வருபவர்களுக்கு இது பிடிக்காது என்று அவர்களே எண்ணிக்கொள்கிறார்கள். ஆகவே வாயைத் திறந்து கேளுங்கள்.

பேதி குறையவும் ஒரு மருந்து உண்டு: ஜிங்க் மாத்திரை, 20 மில்லிகிராம். ஆறு மாதம் ஆன குழந்தைக்கு நாளுக்கு ஒன்று, அதற்குக் கீழே பாதி, 14 நாள். ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ போட்டால் தானே கரையும். பேதி நாட்கள் ஏறக்குறைய கால் பங்கு குறையும். மூன்றாம் நாள் வயிறு சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது. 14 நாளும் கொடுத்தால்தான் அடுத்த சில மாதங்களுக்குப் பேதி திரும்ப வருவது குறையும். இரண்டும் ஒரே உறையில் சேர்ந்து வரும் பொதியை உலக சுகாதார நிறுவனம் 2019இல் குழந்தைகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் கடைகளில் இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இந்தச் சரக்குக்கு இன்னும் அரை மதிப்பெண் குறைக்கலாம் என்றால் அது இதற்காகத்தான்.

இத்தனை மலிவான தூள் இருந்தும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் பேர் பேதியால் சாகிறார்கள். தூளின் பிறப்பே உதவிப் பணத்தில்தான். டாக்காவில் அமெரிக்கப் பணத்தில் நடந்த காலரா ஆய்வுக்கூடத்தில் 1968இல் நோயாளிகளிடம் சோதித்தார்கள். 1971இல் வங்க அகதிகள் வந்து குவிந்த, மேற்கு வங்க எல்லையோரப் பங்காவுன் முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹாலநாபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலக்கி, உறவினர் கையிலேயே கொடுத்து நோயாளிக்குப் புகட்டச் சொன்னார். 30 சதவீதத்தை எட்டியிருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. 2025 ஜூலை 1 அன்று அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட் மூடப்பட்டது. பணம் நின்றால் முதலில் நிற்பது தூள் தயாரிப்பு இல்லை; அதைக் கடைசி ஊர் வரை கொண்டுபோகும் ஊழியரின் சம்பளமும் வண்டியின் டீசலும். தெற்கு சூடானில் உதவி வெட்டால் பக்கத்துச் சிகிச்சை மையங்கள் மூடப்பட்டு, காலராவோடு மூன்று மணி நேரம் வெயிலில் நடந்த 5 குழந்தைகள் வழியிலேயே இறந்ததாகச் சேவ் தி சில்ட்ரன் அமைப்பு 2025 ஏப்ரலில் சொன்னது. காரைக்காலிலும் 2022 ஜூலையில் காலரா பரவி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இங்கே நடக்கும் தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்தது.

வாங்கி வைப்பதானால் ஐப்பசி மழைக்கு முன்பே வாங்குங்கள். பெரியது 2, சின்னது 5, ஜிங்க் மாத்திரை 14. கடற்கரைக் காற்றில் உறை ஓட்டையானால் தூள் ஈரம் இழுத்துக் கட்டியாகும், அப்புறம் பழுப்பேறும். 1984 வரை சிட்ரேட்டுக்குப் பதில் பைகார்பனேட் போட்டார்கள், அது வெப்பமும் ஈரமும் உள்ள ஊரில் சீக்கிரம் கெட்டது; இப்போதைய தூள் தாங்கும், ஆனாலும் உறையை அழுத்திப் பார்த்து, காற்று கசியாததை மட்டும் எடுங்கள். கட்டியாகியிருந்தால் மாற்றிக் கேளுங்கள். பழுப்பாகியிருந்தால் தூக்கிப் போடுங்கள். மலத்தில் ரத்தம், எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம், ஒரு வாய்கூட இறங்காத நிலை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே விழாதது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இறங்குமானால் வழியெல்லாம் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போகலாம்.