மார்க் போடுகிறவர்களுக்குக் கேட்காத பிஜிஎம்

கேம் விமர்சனங்களில் கிராஃபிக்ஸுக்கு நாலு பத்தி, கதைக்கு மூணு பத்தி, பிரேம் ரேட்டுக்குத் தனி அட்டவணை என்று இருக்கும். இசைக்கு ஒரு வரி: "பின்னணி இசை சூழலுக்குப் பொருந்துகிறது." அவ்வளவுதான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஆடிவருகிற எனக்கு இதில் பெரிய மனக்குறை. ஒரு கேமை வாங்கலாமா வேண்டாமா என்று பார்க்க ரேட்டிங் உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் வாங்கிய கேமோடு மாசக்கணக்கில் குடித்தனம் நடத்த முடியுமா என்பதைப் பெரும்பாலும் அதன் இசைதான் முடிவு செய்கிறது. மார்க் போடும் நேரத்தில் அது யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

விமர்சகர் கைக்குக் கேம் வருவது வெளியீட்டுக்குச் சில நாள் முன்புதான். கெடுவுக்குள் ஆடி முடித்து எழுதியாக வேண்டும். ஒரு லெவலின் இசையை அவர் ஒன்றிரண்டு தடவை கேட்டிருப்பார். நாமோ லெவல் கடைசியில் நிற்கும் பெரிய எதிரியான ஒரே பாஸிடம் செத்துச் செத்துப் பிழைத்து, ராத்திரி முழுக்க திரும்பத் திரும்ப ஓடும் அதே லூப்பைக் கேட்கிறோம். சினிமாவுக்கு இசையமைப்பவருக்குக் காட்சி எத்தனை நொடி என்பது தெரியும். கேமில் அந்த வசதி கிடையாது. ஆடுகிறவன் பத்து நொடியில் கதவைத் திறந்துவிட்டுப் போவானா, அங்கேயே நிறுத்திவைத்துவிட்டு டீ குடிக்க எழுந்து போவானா, யார் கண்டது? எவ்வளவு நேரம் ஓடினாலும் எரிச்சல் வராத மாதிரி எழுத வேண்டும். முதல் தடவை புல்லரிக்க வைக்கும் பல இசைகள் இருபதாவது தடவை மியூட் பட்டனைத் தேட வைத்துவிடும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் 2018-ல் வந்த 'செலெஸ்ட்'. ஒரு பெண் மலையேறும் கதை. ஆடுவது படுகஷ்டம், ஒரே அறையில் ஐம்பது தடவை சாவது சர்வசாதாரணம். ஆனால் ஆள் செத்தாலும் இசை நிற்பதில்லை. சிதறி விழுந்து அடுத்த நொடி அறையின் தொடக்கத்தில் வந்து நிற்கும்போது, இசையமைப்பாளர் லீனா ரெயினின் பியானோவும் சிந்தசைசரும் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தோற்றது உறைப்பதற்குள் விரல் அடுத்த தாவலுக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு சாவுக்கும் இசையை முதலிலிருந்து ஆரம்பிக்கும் கேம்களை நினைத்துப் பாருங்கள். முதல் எட்டு பத்து நொடி மட்டும் மண்டையைக் குடையும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பலர் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

இது நேற்று கண்டுபிடித்த வித்தையும் இல்லை. 1978-ன் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'ல் இருந்தது வெறும் நாலு சுரம். எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடும். 1985-ன் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'ல் நேரம் 100-க்குக் கீழே இறங்கியதும் கோஜி கோண்டோவின் மெட்டு தலைதெறிக்க ஓட ஆரம்பிக்கும். பர்மா பஜாரில் வாங்கிய கேசட்டைச் சொருகி டிவி கேம் ஆடிய யாரிடமாவது அந்த வேக மெட்டை முனகிக் காட்டுங்கள், கட்டைவிரல் தானாகத் துடிக்கும்.

அந்தத் தலைமுறைக்கு அப்புறம் பிரவுசிங் சென்டர் காலம். சென்னையில் என் வயதுக்காரர்கள் ஜிடிஏ வைஸ் சிட்டியைப் பார்த்தது அங்கேதான். 2002-ல் வந்த அந்த கேமின் உயிரே கார் ரேடியோ. எண்பதுகளின் பாப், ராக், லத்தீன் என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு குணம், நடுவில் வாயாடும் அறிவிப்பாளர்கள். ஆனால் இங்கே பல கம்ப்யூட்டர்களில் ஓடியது 'ரிப்' காப்பி. சைஸைக் குறைக்க ரேடியோவையே வெட்டி எறிந்திருப்பார்கள். காரில் ஏறினால் இன்ஜின் சத்தம் மட்டும். நாங்களும் ஏதோ ஊமைப்படம் மாதிரி ஆடித் தீர்த்தோம். வேலைக்குப் போனபின் காசு கொடுத்து ஒழுங்கான பதிப்பை வாங்கி, ராத்திரி நேரத்து பீச் ரோட்டில் கார் ஓட்டியபோதுதான் தெரிந்தது, இது வேறு கேம். எதை வெட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று ரிப் பண்ணியவருக்கும் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

அதே வரிசையில் ஜிடிஏ 4. 2008-ல் வந்தது. விமர்சகர்களின் மார்க்குகளைத் திரட்டிச் சராசரி போடும் மெட்டாக்ரிடிக் தளத்தில் கன்சோல் பதிப்புக்கு நூற்றுக்கு 98. பத்து வருஷ உரிமம் முடிந்ததால் 2018-ல் அதிலிருந்து நிறையப் பாடல்களை எடுத்துவிட்டார்கள். ரஷ்யப் பாடல்கள் ஓடிய விளாதிவோஸ்தோக் எஃப்.எம். ஸ்டேஷன்தான் அதிகம் அடிவாங்கியது. பழையவை போய் வேறு பாடல்கள் வந்தன. கதாநாயகன் நீக்கோ கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவன். அந்த ஸ்டேஷன் அவனோடு ஊர் விட்டு ஊர் வந்த துணை. அது போனபின்னும் 98 அப்படியே நிற்கிறது. மார்க் எந்த கேமுக்குப் போட்டது, இன்றைக்கு வாங்குகிறவர் ஆடுவது எது என்று யாரும் பொருத்திப் பார்ப்பதில்லை.

தலைகீழ் உதாரணமும் உண்டு. 2016-ல் கிரகம் கிரகமாகச் சுற்றும் 'நோ மேன்ஸ் ஸ்கை' வந்தபோது ஏமாற்றிவிட்டார்கள் என்று, கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் திட்டு மழை. வருஷக்கணக்கில் இலவச அப்டேட் கொடுத்து, 2024-ல் ஒட்டுமொத்த ரேட்டிங் 'வெரி பாசிட்டிவ்' வரை ஏறியது. ஆனால் '65 டேஸ் ஆஃப் ஸ்டாடிக்' குழுவின் இசை முதல் நாளே நன்றாகத்தான் இருந்தது. துண்டு துண்டாகச் செய்து கொடுத்த இசையை, நாம் நிற்கும் கிரகத்துக்கும் நிலைமைக்கும் ஏற்ப கேமே கோத்துக்கொள்ளும். திட்டுகிற மும்முரத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

இந்த மார்க்குகளுக்கு நாம் நினைப்பதைவிடப் பலம் அதிகம். 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' (2010) கேமுக்கு மெட்டாக்ரிடிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம், வந்தது 84. செய்த நிறுவனத்துக்குப் போனஸ் கிடைக்கவில்லை என்பதை அதன் வடிவமைப்பாளர்களில் ஒருவரே 2012-ல் வெளியே சொன்னார். இத்தனைக்கும் எந்தப் பத்திரிகையின் மார்க்குக்கு எவ்வளவு எடை என்பதை அந்தத் தளம் சொல்வதே இல்லை. ஒரு மார்க்கில் கட்-ஆஃப் போன பிள்ளையின் வீடு எப்படி இருக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

சரி, ஆடுகிற ஜனங்களின் ரேட்டிங்கை நம்பலாமா என்றால் அங்கே வேறு கூத்து. 2020-ல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' வெளிவந்த சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கானோர் பூஜ்யம் போட்டுத் தள்ளினார்கள். அவ்வளவு சீக்கிரம் யாரும் அதை முடித்திருக்க முடியாது. அதற்கப்புறம்தான் வெளியீட்டுக்குப் பின் கொஞ்ச நேரம் கழித்தே மார்க் போடலாம் என்று மெட்டாக்ரிடிக் விதியை மாற்றியது. எனக்குப் பிடித்தது ஸ்டீம் முறை. கட்டைவிரல் மேலே அல்லது கீழே, பக்கத்தில் எத்தனை மணி நேரம் ஆடினார் என்ற கணக்கு. நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டு 'பரிந்துரைக்கவில்லை' என்று எழுதுகிறவரைத் தேடிப் படிப்பேன். கோபத்திலும் விஷயம் இருக்கும். இசை பற்றி ஏதாவது புகார் வருவதென்றால் அப்படிப்பட்டவரிடமிருந்துதான் வரும்.

'வெண்பா' பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குப் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. சமையல்தான் புதிர். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கொடுத்த காசுக்கு நீளம் போதாது என்பது பலரின் குறை. அது நியாயமான குறைதான், ஆனால் பாதிக் கேமைத்தான் அளக்கிறது. சமைக்கும்போது ரேடியோவில் பாட்டு ஓடும். எல்லாம் இதற்காகவே போட்ட பாடல்கள். தமிழ் சினிமாப் பாட்டின் வெவ்வேறு காலத்துச் சாயல். மாவு ஊற்றும்போது வரும் தாளக்கட்டிலேயே இது எந்தக் காலம் என்று நமக்குப் பிடிபட்டுவிடுகிறது. திரையில் வருஷத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற விமர்சகருக்கு அது இனிமையான பாட்டு, அவ்வளவே. என் அம்மா சமையல்கட்டிலிருந்து "இது என்ன படம்டா?" என்று கேட்டார். அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் 'வெண்பா'வுக்குச் சிறந்த அறிமுக கேம் விருதும் கிடைத்தது.

இனி சென்னைக்காரன் புலம்பல் கொஞ்சம். கேம் இசையை விமர்சிப்பவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பது என் சந்தேகம். இங்கே மே மாசத்தில் ஃபேனை அஞ்சில் வைத்தால் மெல்லிய செல்லோ எல்லாம் காற்றோடு போச்சு. காதை முழுசாக மூடும் ஹெட்போன் போட்டால் அரை மணி நேரத்தில் குஷன் நனைந்து வழுக்கும். ஒரு வருஷத்தில் தோல் உரிந்து கன்னத்தில் கறுப்புத் துணுக்காக ஒட்டும். நான் மாற்றுக் குஷனை ரிச்சி தெருவில் வாங்கிவைத்துக்கொள்கிறேன், இசை என்ற தலைப்பில் என் நிரந்தரச் செலவு அதுதான். ஆடி மாசம் வந்தால் பேய் கேம்களுக்கு விடுமுறை. இருட்டுத் தாழ்வாரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்திருக்கும்போது தெருமுனை ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரி அம்மனை அழைத்தால் எந்தப் பேய் நிற்கும்? அதே சமயம் வடகிழக்குப் பருவமழை நாளில், ஜன்னலைத் திறந்துவைத்து 'ஹாலோ நைட்'டில் மழை ஓயாத கண்ணீர் நகரத்துக்குப் போனால், கிறிஸ்டோபர் லார்கின் இசைக்கு ஸ்பீக்கரே போதும்.

இன்னொரு ரேட்டிங்கும் இருக்கிறது, வயசு ரேட்டிங். அக்கா தன் பையனுக்கு ஒரு போன் கேமைக் காட்டி, "4.5 ஸ்டார் போட்டிருக்கே, நல்லதுதானே?" என்றாள். ஸ்டார் வேறு, பக்கத்தில் சின்னதாக இருக்கும் 12+ வேறு என்று காட்டினேன். ரத்தம், கெட்ட வார்த்தைக்கு மட்டுமல்ல, கேமுக்குள் காசு கேட்குமா என்பதற்கும் குறிப்பு இருக்கும். முதலில் அதைப் பார்க்கச் சொன்னேன். ஸ்டார் பற்றி அப்புறம் பேசலாம்.

கடைசியாக ஆல்பம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 2020-லிருந்து ஸ்டீமில் கேம் இல்லாமலே சவுண்ட்டிராக்கைத் தனியாக வாங்கலாம். 'ஜர்னி' மாதிரி கேம்களுக்கு ஆல்பம் தனியாகவே நிற்கும். ஆஸ்டின் வின்டரியின் அந்த இசை கிராமி பரிந்துரை வரை போனது சும்மா இல்லை. ஆனால் 'நியர்: ஆட்டோமேட்டா' மாதிரி கேம்களில் கதை வேறு. ஒரே மெட்டு அமைதியாக, ஆர்ப்பாட்டமாக, குரலோடு, குரல் இல்லாமல் என்று பல அடுக்கில் இருக்கும். கேமுக்குள் ஹேக் பண்ணும்போது சட்டென்று பழைய டிவி கேம் மாதிரி 8-பிட் சத்தமாக மாறும். ஆல்பத்தில் அந்த மாறும் கணம் வராது. அதைக் கேட்க கேமைத்தான் திறக்க வேண்டும். அதனால்தான் அது இன்னும் என் கம்ப்யூட்டர் எஸ்எஸ்டியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, மெயின் கதையை முடித்து எவ்வளவோ காலமாகியும்.