ரெயின்போ போவா: கண்ணாடித் தொட்டி, பிளாஸ்டிக் டப், பிவிசி பெட்டி, எது தேறும்?

நேராகச் சொல்லிவிடுகிறேன், மேலே கம்பிவலை போட்ட கண்ணாடித் தொட்டி பிரேசிலியன் ரெயின்போ போவாவுக்குச் சரிப்படாது. கடையில் பாம்போடு சேர்த்து நம் தலையில் கட்டப் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் இது அமேசான் காட்டுப் பாம்பு. வளர்ந்ததற்கு 75 முதல் 85 சதவீதம் ஈரப்பதம் வேண்டும், குட்டிக்கு 90ஐ ஒட்டி. சூடான பக்கம் 28, 29 டிகிரி, குளிர்ந்த பக்கம் 24, 25 இருந்தால் போதும். 32ஐத் தாண்டினால் ஆபத்து. புதியவர்கள் வளர்க்கும் சுலபமான பாம்பான கார்ன் ஸ்னேக் வளர்த்த தைரியத்தில் 'இதுவும் பாம்புதானே' என்று இறங்கினால், சட்டை உரிக்கும்போது தெரிந்துவிடும்: முழுசாகக் கழலாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கண்ணாடித் தொட்டி ஏன் தோற்கிறது? நான் இருக்கும் டொராண்டோவில் பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்குவது சகஜம். 21 டிகிரியில் 30 சதவீதமாக இருக்கும் அதே காற்றை 29 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு நீராவிகூடக் குறையாமலே ஈரப்பதக் கருவி 20க்குக் கீழே காட்டும், ஏனென்றால் சூடான காற்றால் கூடுதல் நீராவியைத் தாங்க முடியும். இதற்கு மேல் வலை மூடி, வலைக்கு மேல் செராமிக் ஹீட்டர் என்றால் ஈரக் காற்று மேலே ஓடிக்கொண்டே இருக்கும், அறையின் வறண்ட காற்று அந்த இடத்தைப் பிடிக்கும். காலையில் தெளித்த தண்ணீர் மதியத்துக்குள் காணாமல் போய்விடும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா, சரி, வலையில் முக்கால்வாசியை அக்ரிலிக் தகடு வைத்து மூடுங்கள், ஓரளவு தேறும்.

குட்டிக்கு நான் சொல்வது மூடியுள்ள பிளாஸ்டிக் டப். விலை குறைவு, ஈரம் பிடித்து வைப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை, இடம் சிறியதாக இருப்பதால் குட்டியும் பயமில்லாமல் சாப்பிடும். பக்கவாட்டில் சாலிடரிங் அயர்னால் சில ஓட்டைகள் மட்டும் போட்டு ஆரம்பியுங்கள், கூட்டுவது சுலபம், அடைப்பதுதான் கஷ்டம். காலையில் ஒரு மூலையில் லேசாகப் பனி படிந்திருந்தால் நல்லது. நாலு சுவரிலும் தண்ணீர் வழிந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். ஈரம் இருந்து காற்று நகராவிட்டால் வயிற்றுச் செதில்கள் அழுகும், மூச்சுத்தொற்றும் வரும். டப்பின் குறை, உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது, அடியில் விரிக்கும் ஹீட் மேட்டைத் தவிர வேறு சூடும் வைக்க முடியாது. பாம்பு 5, 6 அடிக்கு வளர்ந்ததும் எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

அப்போது பிவிசி பெட்டி. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், முன்பக்கம் கதவு, கூரைக்குள்ளேயே ரேடியண்ட் ஹீட் பேனல், அதாவது கீழே சூட்டை வீசும் தட்டையான பலகை. மேலே வலை இல்லாததால் ஈரம் தங்கும், பலகை ஊறாது, தூக்கவும் கனமில்லை. விலைதான் உறுத்தும். மரப்பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்பீர்கள். வறண்ட இடத்துப் பாம்புக்கு அது நல்ல பெட்டிதான், 80 சதவீத ஈரத்தில் மூட்டுகள் ஊதிப்போகும்.

பெட்டி எதுவானாலும், சூட்டை அளந்து ஹீட்டரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட்டரை மாட்டாதீர்கள். அதன் சென்சாரை அசையாமல் கட்டுங்கள், பாம்பு இடித்து அது தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தால் 'இன்னும் குளிராகத்தான் இருக்கிறது' என்று ஹீட்டர் நிற்காமல் ஓடும்.

கீழே பரப்ப, ஆஸ்பென் மரச்சீவல் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். தேங்காய் மட்டைத் துண்டும் சைப்ரஸ் சீவலும் இரண்டுமே நல்லவை, எனக்கு மட்டைத்துண்டு பிடிக்கும். மேலே தெளிப்பதைவிட மூலைகளில் தண்ணீரை ஊற்றுங்கள்: அடி ஈரமாக இருக்கும், பாம்பு படுக்கும் மேல்பகுதி கிட்டத்தட்டக் காய்ந்திருக்கும். ஈரப் பாசி நிரப்பிய ஒரு ஒளிவிடமும் வையுங்கள். செடி, சின்னப் பூச்சிகள் என்று உயிரோட்டமான தரை அமைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அழகுதான், ஆனால் வளர்ந்த போவா போடும் கழிவை அந்தப் பூச்சிகள் மட்டும் தின்று தீர்க்காது, கையால் எடுத்தே ஆக வேண்டும்.

சென்னையிலிருந்து கேட்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அங்கே மே மாதத்தில் சூடேற்றுவதா பிரச்சினை, குறைப்பதுதான். ஏசி போட்டால் அது ஈரத்தையும் உறிஞ்சிவிடும், கரண்ட் போனால் அறை சூடேறிவிடும். அதனால் மூடிய பெட்டி அங்கேயும் தேவை, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையும் தேவை. இன்னொன்று, போவாக்கள் சைட்ஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை; இந்தியாவின் 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தமும் 2024 விதிகளும் சேர்ந்து, அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. தாள் இல்லாமல் விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

எதை வாங்கினாலும் பாம்பு வருவதற்கு முன் ஒரு வாரமாவது காலியாக ஓட்டிப் பாருங்கள். வெப்பம், ஈரப்பதம் காட்டும் கருவிகள் இரண்டு பக்கமும் தரையை ஒட்டி இருக்கட்டும், கூரையில் மாட்டினால் பாம்பு படுக்கும் இடத்தின் நிலவரம் தெரியாது. இரவில் ஒரு முறை, மதியம் ஒரு முறை பாருங்கள், எண்கள் ஆடினால் முதலில் ஓட்டைகளைச் சரிசெய்யுங்கள், தண்ணீரைக் கூட்டுவது அப்புறம்.