மெட்மலேசியா (மலேசிய வானிலைத் துறை) ரேடார் படம்: ஐந்துக்கு மழை வரும் நேரத்துக்கு 4 மதிப்பெண், ஆலங்கட்டிக்கு 1

கிள்ளான் பள்ளத்தாக்கில் வெளிவேலை பார்ப்பவர்களுக்கும் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கடை போடுபவர்களுக்கும் ரேடார் படம் அன்றாட முன்னறிவிப்பைவிடக் கைகொடுக்கும். ‘பிற்பகலில் இடியுடன் மழை’ என்பது பருவமாற்ற மாதங்களில் பெரும்பாலான நாட்களுக்குப் பொருந்திவிடும்; அதை நம்பி கேன்வாஸ் கட்ட முடியாது. ரேடார் படத்துக்குக் கட்டணமும் இல்லை.

ஒற்றைப் படத்தைப் பார்த்துப் பயனில்லை, அசையும் படத்தை ஓடவிடுங்கள். முதலில் அதிலுள்ள நேரம்: யூடிசி (உலகப் பொது நேரம்) என்றிருந்தால் 8 மணி கூட்டவும். பிறகு மழைத்திட்டின் முன்விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் நடுப்பகுதி நேர்க்கோட்டில் சுமார் 30 கி.மீ.; மணிக்கு 45 கி.மீ. வேகம் என்றால் 40 நிமிடம். மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வரிசைகட்டி வரும் சுமத்ரா சூறைக்கு இந்தக் கணக்கு நன்றாக ஒத்துவரும். பிற்பகல் இடிமழைக்கு அரை மணிக்கு மேல் நம்பாதீர்கள். ஷா ஆலாமில் பெய்த மேகம் அங்கேயே கரைந்துவிடும்; அது கீழே தள்ளிய குளிர்காற்று செந்தூலில் புதிதாக ஒன்றைக் கிளப்பும்.

நிறத்தை மில்லிமீட்டராக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். ரேடாருக்குத் தெரிவது எதிரொலியின் வலிமை. அது துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும்: 2 மி.மீ. துளி ஒன்று 1 மி.மீ. துளிகள் 64-இன் எதிரொலியைத் தரும், நீரோ 8 மடங்குதான். அதனால் 50 டிபிஇசட் (எதிரொலி வலிமையின் அலகு) என்பது, எதிரொலியை மழையளவாக மாற்றும் மார்ஷல்–பால்மர் சமன்பாட்டில் மணிக்கு 49 மி.மீ.; வெப்பமண்டல மழைக்கான சமன்பாட்டில் 147. நம் ஊர் அடைமழையில் சிறு துளிகள் ஏராளம் என்பதால் இரண்டாவதுதான் பெரும்பாலும் நெருங்கி வரும்.

ஊதா நிறம் கண்டதும் ஆலங்கட்டி என்று வாட்ஸ்அப்பில் பரப்புவது வீண் பீதி. இங்கே உறைநிலை மட்டம் ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்தில், சிறு கட்டிகள் தரை தொடுமுன் உருகிவிடும். 45 டிபிஇசட் எதிரொலி அந்த மட்டத்துக்கு மேல் இன்னும் 1.4 கி.மீ., அதாவது 6.4 கி.மீ.வரை எட்டினால்தான் சந்தேகப்படலாம். தட்டையான வரைபடத்தில் அந்த உயரம் தெரியாது. கிடையாகவும் செங்குத்தாகவும் அலை அனுப்பும் இருமுனைவாக்க ரேடாரின் தரவு கிடைப்பவர்களுக்கு வேலை எளிது: பெரிய மழைத்துளி தட்டையாக விழும், ஆலங்கட்டி உருண்டு புரண்டு வரும். எதிரொலி வலுவாக இருந்தும் கிடை, செங்குத்து அலைகளின் எதிரொலி வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டினால் கட்டிதான்.

இன்னும் இரண்டு. அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் புள்ளிகள் பெரும்பாலும் தித்திவங்சா மலைகள், மழையல்ல. 5 செ.மீ. அலை ரேடாராக இருந்தால், கனமழைக்குப் பின்னால் உள்ள மழை மங்கித் தெரியும். அந்தப் பக்கம் வெளுத்திருக்கிறதே என்று கிளம்பிவிடாதீர்கள்.

எவ்வளவு பெய்தது என்பதற்கு வடிகால், நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோ பஞ்சிர் தளத்தில் பக்கத்து மழைமானியின் எண்ணைப் பாருங்கள்.