“பிஎஸ்5-க்கு அப்கிரேடு ஃப்ரீ” என்று விற்கும் இம்போர்ட் டிஸ்க்: பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கேம் டிஸ்க் ஒன்றைக் கையில் கொடுத்து, “இதை பிஎஸ்5-ல போட்டா ஃப்ரீயா அப்கிரேடு ஆயிடும்” என்று யாராவது சொன்னால், உடனே பணத்தை எடுக்காதீர்கள். முதலில் அந்தப் பெட்டியை வாங்கி நன்றாகப் பாருங்கள்.

அக்கா மகனின் பிறந்தநாளுக்காக கேம் வாங்கப் போயிருந்தேன். அவனிடம் இருப்பது பிஎஸ்5. அவன் கேட்ட கேமின் பிஎஸ்5 டிஸ்க் கடையில் இல்லை. “இது பிஎஸ்4 டிஸ்க்தான் சார். ஆனா கம்பெனியே பிஎஸ்5 வெர்ஷனை ஃப்ரீயா குடுக்குறாங்க, டிஸ்க்கைப் போட்டதும் டவுன்லோட் ஆயிடும்” என்றார் கடைக்காரர். அங்கேயே நின்று போனில் தேடினேன். கேமை வெளியிட்ட நிறுவனமும் அப்படித்தான் அறிவித்திருந்தது. வாங்கி வந்தேன்.

டிஸ்க்கைப் போட்டோம். கேம் இன்ஸ்டால் ஆனது, பின்னாலேயே ஒரு பெரிய அப்டேட்டும் இறங்கியது. ஆனால் ஓடியது பிஎஸ்4 பதிப்புதான். கேமின் பக்கத்தில் பிஎஸ்5 பதிப்பைத் தேடி எடுத்தால், இலவசம் என்று இருக்க வேண்டிய இடத்தில் முழு விலை போட்டிருக்கிறது. “மாமா, இது புதுசா வாங்கச் சொல்லுது” என்றான். பிறந்தநாள் அன்று ஒரு பையன் இப்படிச் சொல்வதைக் கேட்க எவ்வளவு கஷ்டமாக இருக்கும்!

காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்த டிஸ்க் அமெரிக்கச் சந்தைக்காக அச்சிட்டது. பையனுடையதோ இந்திய பிளேஸ்டேஷன் கணக்கு. பிஎஸ்4 டிஸ்க் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் பொதுவாக எந்த நாட்டு கன்சோலிலும் (கேம் விளையாடும் கருவியிலும்) ஓடும். பிழை திருத்தும் அப்டேட்டும் தானாக வந்துவிடும். அதனால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். ஆனால் டிஎல்சியும் (கேமோடு தனியாகச் சேர்க்கும் கூடுதல் பகுதிகள்) பிஎஸ்5 அப்கிரேடும் பிளேஸ்டேஷனின் ஆன்லைன் ஸ்டோர் வழியாக வருபவை. ஸ்டோர் பார்ப்பது கணக்கு எந்த நாட்டுடையது என்பதை. டிஸ்க் ஒரு நாடு, கணக்கு வேறு நாடு என்றால் இரண்டும் ஒட்டாது. தொடங்கிய கணக்கின் நாட்டை மாற்றவும் முடியாது.

கடைக்குத் திரும்பப் போனேன். “டிஸ்க் ஓடுதுல்ல சார், அப்புறம் என்ன?” என்பதுதான் முதல் பதில். பிறகு, “அமெரிக்கா அட்ரஸ் ஏதாவது போட்டு புது அக்கவுண்ட் ஆரம்பிங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க” என்றார். பத்தாவது படிக்கும் பையனைப் பொய் முகவரி கொடுக்கச் சொல்கிறார்! இது இம்போர்ட் டிஸ்க் என்பதும், இந்தியக் கணக்கில் இந்தச் சிக்கல் வரும் என்பதும் தினமும் விற்கிறவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் “ஃப்ரீ” என்ற சொல்லை வைத்து விற்றிருக்கிறார்.

அப்டேட்டுக்குக் காசு கேட்கலாமா கூடாதா என்று நண்பர்களோடு பேசும்போதெல்லாம் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பிழை திருத்தம் வேறு, அடுத்த கன்சோலுக்கான பதிப்பு வேறு.

பிழை திருத்தத்துக்கு ஒரு பைசாகூடக் கேட்கக் கூடாது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் காலத்தில் அந்தச் செலவு கேம் செய்தவர்கள் தலையில் விழுந்தது. ஒரு அப்டேட்டை வெளியிட 40,000 டாலர் ஆகிறது என்று கேம் உருவாக்குநர் டிம் ஷேஃபர் 2012-ல் வெளிப்படையாகவே சொன்னார். அதே ஆண்டு ஃபெஸ் கேமின் அப்டேட் ஒன்று சிலருடைய சேவ் ஃபைலை, அதாவது அதுவரை ஆடிச் சேமித்து வைத்ததை, கெடுத்தது. மறுபடி திருத்தம் வெளியிட மைக்ரோசாஃப்ட்டுக்குப் பெருந்தொகை கட்ட வேண்டும் என்பதால், அந்தப் பழுதான அப்டேட்டையே திரும்ப வெளியிட்டார்கள். கட்டணம் யார் மீது விழுந்தாலும் கடைசியில் அவதிப்படுவது விளையாடுகிறவர்தான். 2013-ல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. நல்ல முடிவு. சைபர்பங்க் 2077 கேம் டிசம்பர் 2020-ல் வெளிவந்து, பழைய கன்சோல்களில் ஓட முடியாத நிலையில் இருந்ததும், பிளேஸ்டேஷன் நிறுவனமான சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்தே எடுத்ததும் நினைவிருக்கும். அப்படி அரைகுறையாக விற்றதைச் சரிசெய்வது கடமை, சலுகை இல்லை.

புதிய கன்சோலுக்கான பதிப்பு என்று வரும்போது, உண்மையாகவே கூடுதல் வேலை செய்திருந்தால் ஒரு சிறு தொகை கேட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதை வாங்கும் முன்பே சொல்ல வேண்டும். 2021-ல் ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் கேமின் சாதாரண பதிப்புக்கு பிஎஸ்5 அப்கிரேடு கிடையாது என்று சோனி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே இறங்கி வந்து, அந்த கேமுக்கு மட்டும் இலவசம், இனி வரும் தன் சொந்த கேம்களுக்கு 10 டாலர் என்றது. 10 டாலர் அதிகமா என்று வாதிடலாம், ஆனால் முன்கூட்டியே சொன்னார்கள். 2025-ல் தன் சுவிட்ச் 2 கன்சோல் வந்தபோது நின்டெண்டோ சில பழைய கேம்களை இலவசமாக மேம்படுத்தியது, இரண்டு செல்டா கேம்களுக்குத் தலா 10 டாலர் வாங்கியது. படம் துல்லியமாகத் தெரிவதற்கும் சீராக ஓடுவதற்கும் மட்டும் காசு வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2015-ல் வந்த விட்சர் 3-க்கு 2022-ல் அந்த வேலையையும் அதற்கு மேலும் செய்து, ஏற்கெனவே வாங்கியிருந்தவர்களுக்குச் சும்மாவே கொடுத்தார்களே!

சரி, கடையில் என்ன பார்க்க வேண்டும்? பெட்டியின் முன்பக்க மூலையில் வயதுக் குறியீடு இருக்கும். 12, 16, 18 என்று எண்ணாக இருந்தால் அது பெரும்பாலும் ஐரோப்பியப் பதிப்பு. இந்தியாவில் முறையாக விற்பனைக்கு வருவதும் அதிகமாக அதுதான். எம் (M), டி (T) என்று எழுத்தாக இருந்தால் அமெரிக்கப் பதிப்பு, இந்தியக் கணக்குக்கு வேண்டாம். உங்களுடையது டிஸ்க் டிரைவ் இல்லாத பிஎஸ்5 என்றால் டிஸ்க் வழியாக அப்கிரேடு என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்கிரேடு கிடைத்த பிறகும் விளையாடும்போதெல்லாம் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். அதனால் முடித்துவிட்டு எக்ஸ்சேஞ்சில் போடலாம் என்று நினைப்பவர்களுக்கு டிஸ்க்கோடு பிஎஸ்5 பதிப்பும் போய்விடும். பிஎஸ் பிளஸில் (சோனியின் சந்தா சேவை) கிடைத்த கேமையும் தனியாக விசாரியுங்கள். ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக்கை 2021 மார்ச்சில் பிளஸில் கொடுத்தபோது, காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு இருந்த இலவச அப்கிரேடு பிளஸில் எடுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில்தான் கொடுத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடைக்காரர் சொல்வதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். என் பில்லில் “கேம் சிடி” என்று மட்டும் இருக்கிறது, கீழே “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று ஒரு முத்திரை. அந்த முத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளைப் பற்றி வாயால் பொய்யாகச் சொல்லி விற்பதும் முறையற்ற வணிகம்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். திரையில் முழு விலை காட்டியதைப் படம் எடுத்து பில்லோடு வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு கடைக்காரர் பாதி விலைக்கு டிஸ்க்கைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். முழுப் பணமும் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இதே மாதிரி வாங்கி மாட்டியவர்கள் இருந்தால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், நீங்களும் புகார் பதியுங்கள்.